வாத்தியார் பதில்கள்: ஒரு செடி, ஒரு தண்ணீர் கேன்

சென்ற மாதம் மணிபிளான்ட் கொடியை வெட்டி வேர் பிடிக்க வைப்பது பற்றி எழுதியபோது, போகிற போக்கில் "இது காற்றைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்காதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். வேர் பிடிக்க வைப்பது பற்றி வந்தது ஒரே ஒரு கடிதம். அந்த ஒரு வரிக்கு வந்தவை முப்பதுக்கு மேல். பாதிப் பேர் கோபமாக இருக்கிறார்கள். சரி, இந்த மாதம் முழுக்க அதுதான்.

அம்பத்தூர் வாசகி: ஆறு மாதம் முன்பு புது ஃபிளாட்டுக்குக் குடிவந்தோம். கதவைத் திறந்தாலே பெயின்ட், பிளைவுட் வாசனை. பையனுக்கு ஏழு வயது, வீசிங் தொல்லை உண்டு. 'நாசா பரிந்துரைத்த காற்றுச் சுத்திகரிப்புச் செடிகள்' என்று ஏழு செடிகளை ஒரு செட்டாக 3,200 ரூபாய்க்கு வாங்கி வைத்திருக்கிறேன். நாசாவே சொன்னதை நீங்கள் இல்லை என்கிறீர்களே ஐயா?

அம்மா, முதலில் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் தாவரவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, திருவரங்கத்தில் வீட்டுக்குப் பின்னால் நர்சரி போட்ட புதிதில் வாசலில் நானே ஒரு ஃபிளெக்ஸ் கட்டினேன். 'நாசா அங்கீகரித்த செடிகள் இங்கே கிடைக்கும்'. பக்கத்தில் ராக்கெட் படம் வேறு. அறுபது ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்த ஸ்நேக் பிளான்ட், ராக்கெட் வந்த பிறகு நூற்றைம்பதுக்குப் போனது. ஒருநாள் என்னிடம் பிளஸ் டூ படித்த பையன் ஒருவன், அப்போது வேதிப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவன், வந்து ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு, "சார், அந்த ரிப்போர்ட்டை நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டான். படித்திருக்கவில்லை. அன்று ராத்திரி படித்தேன். மறுவாரம் ஃபிளெக்ஸைக் கழற்றிவிட்டேன். இப்போது அது உரமூட்டைகள் நனையாமல் மூடிவைக்க உதவுகிறது.

நாசா ஆய்வு பொய்யில்லை. 1973-இல் பறந்த ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தின் உள்காற்றில், அங்கிருந்த பொருட்களிலிருந்தே கசிந்த நூற்றுக்கும் மேற்பட்ட ரசாயன ஆவிகள் இருப்பது தெரியவந்தது. விண்கலத்தில் ஜன்னலைத் திறக்க முடியாதே. அதனால் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள ஸ்டென்னிஸ் விண்வெளி மையத்தில் வுல்வர்ட்டன் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவும் செடிகளை வைத்துச் சோதித்தார்கள். அறிக்கை வந்தது 1989-இல். செலவில் ஒரு பங்கை அமெரிக்காவின் தோட்ட அலங்கார ஒப்பந்தக்காரர்கள் சங்கம் ஏற்றது. அது குற்றமில்லை, ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

அவர்கள் செய்தது இதுதான். ஆள் உயரம்கூட இல்லாத, காற்றுப் புகாத பிளெக்ஸிகிளாஸ் பெட்டி. அதற்குள் ஒரு தொட்டிச் செடி. உள்ளே பென்சீன், டிரைகுளோரோஎத்திலீன், ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயன ஆவிகளில் ஒன்றைச் செலுத்திவிட்டு, 24 மணி நேரம் கழித்து எவ்வளவு மிச்சம் என்று அளந்தார்கள். குறைந்திருந்தது, நன்றாகவே குறைந்திருந்தது. இலைகளை அகற்றிவிட்டுப் பார்த்தபோதும் தொட்டி வேலை செய்தது. அதாவது வேலையில் பெரும் பங்கு இலைக்கு இல்லை, வேரடி மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கு. நாம் வாசலில் இலையைப் படம் போட்டு விற்றுக்கொண்டிருந்தோம்.

உங்கள் ஃபிளாட் பெட்டி இல்லை அம்மா. கதவிடுக்கு, ஜன்னல் சந்து, பாத்ரூம் வென்டிலேட்டர் என்று எங்கெங்கோ காற்று போய் வந்துகொண்டிருக்கிறது. சாதாரணக் கட்டடங்களில் மணிக்குச் சுமார் ஒரு முறை உள்காற்று முழுக்க மாறிவிடும். அந்த ஓட்டத்தோடு செடி போட்டி போட முடியுமா? இதை அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வேரிங் என்ற இருவர் 2019-இல் கணக்குப் பார்த்தார்கள். அதுவரை நடந்த 12 ஆய்வுகளை எடுத்து, அவற்றின் 196 சோதனை முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு செடி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு காற்றைச் சுத்தமாக்கித் தருகிறது என்பதுதான் அந்த அளவுகோல். நடுத்தரமான விடை 0.023 கன மீட்டர்.

நம் பாஷையில் 23 லிட்டர். வீட்டுக்கு வருகிற தண்ணீர் கேன் 20 லிட்டர் பிடிக்கும். ஒரு செடி ஒரு மணி நேரம் பாடுபட்டால் ஒரு கேனும் மேலே கொஞ்சமும் அளவுக்குக் காற்றைச் சுத்தம் செய்யும். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்து அடி என்று வையுங்கள். அதில் இருக்கும் காற்று சுமார் 28,300 லிட்டர். சும்மா கதவிடுக்கில் நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடு கொடுக்கவே அந்த அறைக்கு 1,200-க்கு மேல் செடிகள் வேண்டும். கட்டிலைப் போட இடமிருக்காது. உங்கள் ஏழு செடிகளும் சேர்ந்து மணிக்கு எட்டு கேன்.

பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு மாதக்கணக்கில் கசியும். வெயில் ஏறினாலும் காற்றில் ஈரம் ஏறினாலும் அதிகமாகக் கசியும், சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அதனால் புது அலமாரிகளின் கதவுகளைப் பகலில் திறந்து போடுங்கள். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றை ஊடே ஓடவிடுங்கள். ரோட்டோர வீடென்றால் வண்டிகள் கூடும் நேரத்தைத் தவிர்த்துத் திறங்கள். சமைக்கும்போதும் சமைத்து முடித்து அரை மணி வரையும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். மிளகாய் தாளித்தால் வீடு முழுக்க இருமுகிறது என்றால் அந்தப் புகைக்கு வெளியே போக வழியில்லை என்று அர்த்தம். பையன் படுக்கும் அறையில் ரூம் ஃபிரெஷ்னர், நாப்தலின் உருண்டை இரண்டும் வேண்டாம். இன்ஹேலரை டாக்டர் சொன்னபடி தொடருங்கள், செடி இருக்கிறதே என்று குறைத்துவிடாதீர்கள். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் மேலே வெள்ளையாகப் பூஞ்சை படரும், வீசிங் உள்ள வீட்டில் அது வேறு வம்பு. விரலை ஒரு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். செடிகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அவை என்ன செய்யும் பாவம், யாரோ ராக்கெட் படம் போட்டதற்கு?

மதுரை வாசகி: படுக்கையறையில் செடி வைத்தால் ராத்திரி நம் ஆக்சிஜனை அது எடுத்துக்கொள்ளும் என்று மாமியார் வெளியே எடுத்து வைக்கிறார். ஸ்நேக் பிளான்ட் ராத்திரியிலும் ஆக்சிஜன் தரும் என்று நான் திரும்ப உள்ளே வைக்கிறேன். தினமும் இதே கதை. யார் சொல்வது சரி?

தொட்டி இன்னும் உடையாமல் இருப்பதே ஆச்சரியம். இருவருமே பாதி சரி.

உங்கள் மாமியார் பக்கம் ஒரு பெரிய மனிதரே இருக்கிறார். இங்கிலாந்தில் 1771-இல் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த மூடிய ஜாடியில் ஒரு புதினாத் தண்டை வைத்து, சில நாள் கழித்து அந்தக் காற்றில் மெழுகுவர்த்தி மறுபடி எரிவதைக் காட்டினார். (அதுவும் மூடிய ஜாடிதான், கவனியுங்கள்.) 1779-இல் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், வெளிச்சம் இருந்தால்தான் செடி இதைச் செய்யும், இருட்டில் நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கும் என்று கண்டுபிடித்தார். மாமியார் பக்கம் நிற்பவர் இவர்தான். ராத்திரியில் புளியமரத்தடியில் படுத்தால் பேய் அடிக்கும் என்று நம் பாட்டிகள் சொன்னதற்கும் இதைத்தான் காரணமாக நான் வகுப்பில் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். திறந்த வெளியில் காற்று அடித்துக்கொண்டு போகும்போது மரத்தின் மூச்சு யாரை என்ன செய்யும் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

உங்கள் பக்கம்: ஸ்நேக் பிளான்ட் வறண்ட நாட்டுச் செடி, பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. நம் கடற்கரைப் புதர்களில் வளரும் மருள் இதற்குச் சொந்தக்காரச் செடி. சங்கப் பாடல்களில் மான் மேயும் 'மரல்' இதுதான் என்று சொல்வார்கள். பகலில் இலைத் துளைகளைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும் என்பதால் இந்த வகைச் செடிகள் ராத்திரியில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்துச் சேமித்துவைத்துக்கொள்ளும். பகல் வெளிச்சம் வந்த பிறகுதான் அதைச் சமைக்கும். ஆக்சிஜன் பிறப்பதும் அந்தச் சமையலில்தான். ராத்திரியில் சரக்கு வாங்குகிற கடையை ராத்திரியில் சாப்பாடு போடுகிற கடை என்று யாரோ வாட்ஸப்பில் எழுதிவிட்டார்கள்.

அளவைப் பார்த்தால் சண்டைக்கே இடமில்லை. ஒருவர் எட்டு மணி நேரத் தூக்கத்தில் சுமார் 100 லிட்டர் ஆக்சிஜன் எடுத்துக்கொள்வார். பத்துக்குப் பத்து அறையில் அது 5,900 லிட்டருக்குக் குறையாமல் இருக்கிறது. தொட்டிச் செடி எடுப்பதும் கொடுப்பதும் இதில் கணக்கிலேயே வராது. காலையில் தலை பாரமாக எழுந்திருக்கிறீர்கள் என்றால் ஏசியைப் பாருங்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. நாம் விட்ட மூச்சு அங்கேயே சேர்ந்துகொண்டிருக்கும். கதவை இரண்டு விரல் திறந்து வையுங்கள். தொட்டி எங்கே இருக்க வேண்டும் என்பதை மாமியாரே முடிவு செய்யட்டும், உங்களுக்கு நஷ்டமில்லை.

வேளச்சேரி வாசகர்: காற்று சுத்தமாகட்டும் என்று வீடு முழுக்க 11 பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி மணிபிளான்ட் வைத்திருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் கொஞ்ச நாளாகக் கொசுத்தொல்லை தாங்கவில்லை, தினமும் கொசுவர்த்தி ஏற்றுகிறோம். கொசுவை விரட்டும் செடி ஏதாவது உண்டா?

தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உடனே போய் ஒரு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். வேர்களுக்கு நடுவே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நூல் துண்டு மாதிரி ஏதாவது இருக்கிறதா? பாட்டிலை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். நூல் துண்டுகள் நெளிந்து நெளிந்து அடியில் போய் ஒளியும், கொஞ்ச நேரத்தில் மூச்சு விட மேலே வரும். அதுதான் கொசுப்புழு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது, உங்கள் ஹாலில் இருக்கும் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். மாநகராட்சியிலிருந்து டார்ச்சோடு வரும் பெண்கள் ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டையும் பூந்தொட்டியின் அடித்தட்டையும் பார்க்கிறார்களே, சும்மா இல்லை.

கதை இதோடு முடியவில்லை. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஃபார்மால்டிஹைடு மட்டுமே 51 சிகரெட் அளவுக்குப் போகலாமாம். அம்பத்தூர் அம்மா எதை விரட்ட 3,200 ரூபாய் செலவழித்தாரோ, அதே ஃபார்மால்டிஹைடு. காற்றுக்காகச் செடி வைத்து, செடியில் கொசு வளர்த்து, கொசுவுக்காகப் புகை போட்டு, அதையே மூச்சிழுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கொசு விரட்டும் செடி என்று எலுமிச்சைப் புல், சிட்ரோனெல்லா எல்லாம் விற்பார்கள். நானும் விற்கிறேன், டீயில் போடுவதற்கு. தொட்டியில் சும்மா நின்றால் அது கொசுவை விரட்டாது. பதினொன்றில் ஒன்பதை மண்ணுக்கு மாற்றுங்கள். மீதி இரண்டில் வாரம் ஒரு நாள் தண்ணீர் மாற்றுங்கள். கொட்டிவிட்டு ஊற்றினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் பாட்டிலின் உள்சுவரில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தண்டைச் சுற்றிப் பாட்டில் வாயில் பஞ்சு அடைத்துவிட்டால் கொசு உள்ளே இறங்காது. தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரையும் அன்றன்றே கொட்டிவிடுங்கள். ஜன்னலுக்கு வலை அடியுங்கள், படுக்கைக்குக் கொசுவலை கட்டுங்கள். சுருளை நிறுத்துங்கள்.

ஈரோடு வாசகர்: துளசி ஒரு நாளில் 20 மணி நேரம் ஆக்சிஜனும் 4 மணி நேரம் ஓசோனும் வெளியிடுகிறதாமே?

ராத்திரியில் வெளிச்சம் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. துளசிக்கும் அதே விதிதான். ஓசோன் வானத்தில் உயரத்தில் இருந்தால்தான் காவல், மூக்கருகே வந்தால் நுரையீரலை எரிக்கும் வாயு. துளசியின் மேல் இப்படிப் பழி போடாதீர்கள். மாடத்தில் நல்ல வெயிலில் வையுங்கள், வீட்டுக்குள் வைத்தால் அது பிழைக்காது.

தஞ்சாவூர் வாசகி: வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் காற்று சுத்தமாகும் என்பது உண்மையா?

சாமிக்குப் போடுங்கள், காற்றுக்காகப் போடாதீர்கள். வாசனையாக இருந்தாலும் புகை புகைதான். ஊதுபத்திக்கும் இதே பதில். போடும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், கைக்குழந்தையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கோவை மாணவர்: டெல்லியில் ஒருவர் மூன்று வகைச் செடிகளை மட்டும் வைத்துக் கட்டடம் முழுக்கச் சுத்தமான காற்றை உண்டாக்கினாரே ஐயா, அதுகூடப் பொய்யா?

கமல் மீட்டல் என்பவரைச் சொல்கிறீர்கள். டெல்லிக் காற்று அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது. அரேகா பாம், ஸ்நேக் பிளான்ட், மணிபிளான்ட் மூன்றையும் கொண்டு சுத்தமான காற்றை வளர்க்கலாம் என்று 2009-இல் டெட் (TED) என்ற சொற்பொழிவு மேடையில் நான்கு நிமிடம் பேசினார். உலகம் முழுக்கப் பரவியது. நானும் ஃபிளெக்ஸ் காலத்தில் அதைப் பத்து முறை பார்த்திருப்பேன். அவர் சொன்ன எண்ணிக்கையை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஒரு ஆளுக்குத் தோள் உயர அரேகா நான்கு, இடுப்பு உயர ஸ்நேக் பிளான்ட் ஆறிலிருந்து எட்டு. 300 பேர் வேலை பார்த்த கட்டடத்தில் 1,200 செடிகள். அதோடு வெளிக்காற்றைக் கழுவி வடிகட்டி உள்ளே விடும் இயந்திரங்களும் அங்கே உண்டு. அங்கே காற்று நன்றாக இருந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இயந்திரத்தின் சம்பளத்தைச் செடிக்குக் கொடுத்துவிட்டோம் என்பதுதான் என் எண்ணம். அரேகா இலையை டெல்லியில் தினமும் துடைக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். நீங்கள் ஹாஸ்டலில் வைப்பதானால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் வாசகி: எட்டு மாதக் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது. எந்தச் செடியை அப்புறப்படுத்த வேண்டும்?

முதலில் டிஃபன்பேக்கியா, அகலமான இலையில் வெள்ளைப் புள்ளி தெளித்தது போல இருக்குமே, அது. கடித்தால் ஊசி ஊசியான ஆக்சலேட் படிகங்கள் குத்தி வாய், நாக்கு, தொண்டை எல்லாம் வீங்கிவிடும். மணிபிளான்ட், பீஸ் லில்லி, அக்லோனிமா இவற்றிலும் அதே படிகங்கள் உண்டு. எல்லாவற்றையும் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றுங்கள், கொடி கீழே தொங்காமல் சுருட்டிக் கட்டுங்கள். பூனை இருந்தாலும் இப்படித்தான், ஆனால் பூனைக்கு உயரம் ஒரு பொருட்டில்லை. அதனால் பூனை வீட்டில் அரேகாவோடும் ஸ்பைடர் பிளான்ட்டோடும் நிறுத்திக்கொள்ளலாம்.

கும்பகோணம் வாசகர்: காற்றைச் சுத்தம் செய்யாது, கொசு வரும், குழந்தைக்கு ஆகாது. அப்புறம் நீங்கள் எதற்கு நர்சரி வைத்திருக்கிறீர்கள்?

வீட்டில் என் மனைவி கேட்கும் கேள்வியை அப்படியே கேட்டிருக்கிறீர்கள்.

என் எழுத்து மேசையில் ஒரு பீஸ் லில்லி இருக்கிறது. மூன்று நாள் தண்ணீர் மறந்தால் அத்தனை இலையும் துவண்டு தொட்டி விளிம்பில் தொங்கிவிடும், முதல் தடவை பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்றே நினைப்பார்கள். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தால், விளையாட்டுச் செய்தி வருவதற்குள் தண்டு ஒவ்வொன்றாக நிமிரத் தொடங்கும். மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கும். ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன், சலிக்கவில்லை. காற்றை அது என்ன செய்கிறது என்று இப்போது நான் யோசிப்பதே இல்லை.

நர்சரியில் பீஸ் லில்லி 120 ரூபாய். வாங்க வருகிறவர்களிடம் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்பேன். வடக்கு என்றால் பீஸ் லில்லி, மணிபிளான்ட். கிழக்கு என்றால் அரேகா. மேற்கு வெயில் சுள்ளென்று விழும் என்றால் ஸ்நேக் பிளான்ட். போன வாரம் ஒருவர், ஏசி அறை, ஜன்னலை பிளைவுட் வைத்து நிரந்தரமாக அடைத்துவிட்டோம், காற்று சுத்தமாக இரண்டு செடி வேண்டும் என்றார். செடி கொடுக்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஆசாரியின் போன் நம்பரைக் கொடுத்தனுப்பினேன்.